கை கொடுத்த அம்மிச் சத்தம்!

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், 'சினிமா' எடுப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகள், போட்டிக்குக் குறும்படம் எடுக்கணும் என்றாள். "பாட்டி அம்மியில மசாலா அரைக்கிறதையே எடேன்" என்றேன். ஒரு செல்போனில் படம், இன்னொன்றில் பேச்சு. மொத்தச் செலவு 850 ரூபாய். அதில் பாதி காபி, வடைக்கு!

எடுத்த இரண்டாவது வாரம், மாமியாருக்குப் பக்கவாதம். பேச்சு குழறி விட்டது. மறுபடி எடுக்க வழியில்லை.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், ஆரம்பத்தில் சரியாக இருந்த பேச்சு, போகப் போக வாயசைவுக்குப் பின்தங்கியது. எடிட்டிங் செய்பவர் 6,000 ரூபாய் கேட்டார். "விட்டுடலாம்மா" என்று அழுதாள் மகள். எனக்கு மனசு கேட்கவில்லை. அத்தையின் குரல் அதில்தானே இருக்கிறது!

இருவருமாக உட்கார்ந்து தேடியதில் காரணம் தெரிந்தது. விநாடிக்கு 30 படம் என்று வைத்திருந்தாலும், வெளிச்சம் குறைந்தால் செல்போன் அதைக் குறைத்துக் கொள்ளுமாம். எங்கள் சமையலறையோ இருட்டு. எடிட்டிங் சாப்ட்வேர் எல்லா விநாடிக்கும் 30 என்றே கணக்குப் போட, படம் முந்தி ஓடியிருக்கிறது. 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச சாப்ட்வேரில் போட்டு, சீராக 30 படம் வரும்படி மாற்றினோம்.

அடுத்து, இரண்டையும் எங்கே சேர்ப்பது? கிளாப் அடிக்க எங்களுக்குத் தெரியவில்லையே! அத்தை குழவியை அம்மியில் வைக்கும் 'டக்' சத்தம் ஞாபகம் வந்தது. குழவி கல்லைத் தொடும் இடத்தில் அந்தச் சத்தத்தைப் பொருத்தினோம். கடைசி வரை உதடும் பேச்சும் பிசகவில்லை! பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நின்று போனதற்கும் வழி இருந்தது. சின்ன அளவு நகலில் வெட்டி ஒட்டி விட்டு, கடைசியில் ஒரிஜினலுக்கு மாற்றிக் கொண்டோம்.

போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. ஆனால், கட்டிலில் படுத்தபடி படம் பார்த்த அத்தை, "உப்பைக் கடைசியில போடு" என்று தன் குரல் கேட்டதும், குழறலாகக் கூடவே சொன்னார். அதற்கு மேல் என்ன பரிசு வேண்டும்?

தோழிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் இப்படிப் பேச வைத்துப் படம் எடுங்கள். நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் பலமாக ஒருமுறை கை தட்டி விடுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.