லெஸ்லி ஸ்பீக்கரும் வீட்டு ஸ்பீக்கரும்

ஆடியோ பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "கிதார் வாசிக்கிறவங்க வால்வு ஆம்ப்ளிஃபயரைத்தானே தேடி வாங்குறாங்க? அப்போ பாட்டு கேட்கவும் அதுதானே நல்லது?" இங்கே இரண்டு வேலைகள் கலந்துவிடுகின்றன. ஒன்று இசையை உருவாக்குவது. மற்றது, உருவானதை அப்படியே திருப்பித் தருவது.

1966-ல் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலைப் பதிவு செய்தார்கள். மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோல தன் குரல் கேட்க வேண்டும் என்றார் ஜான் லெனன். ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக் அந்தக் குரலை லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அனுப்பி, அதை மைக்கில் பிடித்தார். பாட்டின் பின்பாதியில் கேட்பது அதுதான்.

லெஸ்லி, ஹாமண்ட் ஆர்கனோடு பயன்படுத்தப்பட்ட பெட்டி. உள்ளே ஒரு கொம்பு சுழலும். அதன் வாய் நம்மை நோக்கி வரும்போது சுருதி சற்று ஏறும், விலகும்போது இறங்கும். டாப்ளர் விளைவுதான். துல்லியம் என்று பார்த்தால் படுமோசமான ஸ்பீக்கர். ஆனால் அங்கே அது ஒரு வாத்தியம்.

அதையே வீட்டில் வைத்தால்? செய்தி வாசிப்பவர் குரலும் சுழலும், வயலினும் சுழலும். ஏற்கெனவே சுழன்ற லெனன் குரல் இன்னொரு தடவை சுழலும்.

வால்வு ஆம்ப்ளிஃபயரின் சிதைவும் இப்படித்தான். கிதாருக்கு மட்டும் சேர்த்தால் கிதார் மட்டும் மாறும். முழுப் பாட்டையும் அதன் வழியே விட்டால், குரலும் வயலினும் ஒன்றோடொன்று கலந்து புதிய அதிர்வெண்களை உண்டாக்கும். உதாரணமாக 440, 660 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து போனால் கூட்டலாக 1100, கழித்தலாக 220 முளைக்கும். இரண்டையும் யாரும் வாசிக்கவில்லை.

சரி, அசல் எது? ஸ்டுடியோவில் லெனன் பாடிய குரல் அல்ல, அவர்கள் சம்மதித்து முடித்த மாஸ்டர் பதிவுதான். துல்லியம் என்பது அதற்கு உண்மையாக இருப்பது.

படைப்பவருக்கும் இந்தத் துல்லியம் வேண்டும். ஸ்டுடியோ ஸ்பீக்கரில் பேஸ் குறைவாகக் கேட்டால், மிக்ஸ் செய்பவர் பேஸைக் கூட்டிவிடுவார். ஒழுங்கான ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு திம்மென்று கேட்கும். ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் இதைக் 'குழப்ப வட்டம்' என்கிறார்.

வால்வு ஒலி பிடித்திருந்தால் தாராளமாகக் கேளுங்கள், அது ரசனை. ஆனால் "இதுதான் துல்லியம்" என்று சொல்லி யாராவது அதிக விலை கேட்டால், அளவீடுகளைக் காட்டச் சொல்லுங்கள். எனக்கென்றால், ஸ்பீக்கர் நேராக இருக்கட்டும். பேஸ் கூட்ட ஒரு டோன் கன்ட்ரோல் போதும். வேண்டாதபோது அணைத்துவிடலாமே.