மணிக்கட்டில் ஒரு கலோரிக் கணக்கு

மணிக்கட்டுக் கருவி காட்டும் கலோரித் தொகையைப் பலரும் அளவீடு என்றே நம்புகின்றனர். உண்மையில் அது ஊகமேயாகும். கருவி உணர்வது பெரும்பாலும் கையசைவையும், தோலில் பாய்ச்சும் பச்சை ஒளியின் மூலம் இதயத்துடிப்பையுமே. நாம் பதிந்த வயது, பால், உயரம், எடை ஆகியவற்றையும் சேர்த்துச் சூத்திரமொன்று தொகையைத் தருகின்றது. தேங்காய் துருவினால் நடவாமலே அடிகள் ஏறக்கூடும்; சைக்கிள் மிதிப்பவரின் கையோ அசைவதில்லை. அச்சத்திலும் காய்ச்சலிலும் துடிப்பு உயரும்.

2017 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 60 பேரைக் கொண்டு ஏழு கருவிகளைப் பரிசோதித்தனர். இதயத்துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்கும் குறைவு. கலோரியிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம்.

நாள் முழுவதற்குமான தொகையில் பெரும்பங்கு உடல் ஓய்விலேயே செலவிடும் சக்தியாகும். இதை அறியாது, 'இரண்டாயிரம் எரித்துவிட்டேன்' என மாலையில் கொத்துரொட்டிக்கு அமரும் நீரிழிவு நோயாளருக்கு இத்தவறு விளையாட்டல்ல. உணவின் அளவை வைத்தியரின் ஆலோசனைப்படியே தீர்மானித்தல் வேண்டும். கருவியைக் கொண்டு சென்ற வாரத்துடன் இவ்வாரத்தை ஒப்பிடலாம். எடை மாறினால் அதனையும் அதில் திருத்திப் பதிதல் அவசியம்.