ரோமியோ – ஜூலியட் காதல் மெய்க்காதலா?

காதலர் எனச் சொன்ன அளவிலேயே உலகோர் நினைவில் எழும் இணையர் ரோமியோவும் ஜூலியட்டும் ஆவர். நாடகத்தைப் படியாதவரும் இப்பெயர்களை அறிவர். ஆயினும் அவர்தம் காதல் மெய்யானதா, நிலைத்து நிற்கத்தக்கதா என வினவின் விடை இரு கூறாகப் பிரிகின்றது. இளையோர் அதனினும் உயர்ந்த காதல் இல்லை என்பர். மூத்தோரோ, ‘நான்கு நாள் பழக்கம், வெறும் பருவக் கவர்ச்சி, உயிரோடு இருந்திருப்பின் நான்காம் மாதமே பிணங்கியிருப்பர்’ என்பர். இவ்விரு குரலையும் வகுப்பறையில் நாம் கேட்டு வருகிறோம். இரு சாராரும் நாடகத்தின் ஒரு பாதியை மட்டுமே நினைவிற்கொண்டு பேசுகின்றனர் என்பது நம் கருத்து.

மூத்தோர் கூற்றுக்கு நாடகத்திலேயே வலுவான சான்றுகள் உள. அவற்றை மறைத்தல் முறையன்று. ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1595-இல் இயற்றிய இந்நாடகம் 1597-இல் முதன்முதலாக அச்சேறியது. இதற்கு மூலமாய் அமைந்தது, ஆர்தர் புரூக் என்பார் 1562-இல் வெளியிட்ட ஆங்கில நெடும்பாட்டு. அதற்கும் முன்னர் இத்தாலியில் லூயிஜி தா போர்த்தோவும் பந்தெல்லோவும் இக்கதையை எழுதியிருந்தனர். புரூக்கின் பாட்டில் மாதங்கள் கழிகின்றன. மறைவில் மணந்த காதலர், கலகம் நேரும்வரை சில காலம் கூடி மகிழ்கின்றனர். ஷேக்ஸ்பியரோ அனைத்தையும் ஒரே வாரத்துள் அடக்கிவிட்டார். ஞாயிறு இரவு விருந்தில் முதற்காட்சி; திங்களன்று மறைமணம்; அன்றே டிபால்ட் கொலையும் நாடுகடத்தல் தீர்ப்பும்; செவ்வாய் விடியலில் பிரிவு; அவ்வாரம் முடியுமுன் இருவரும் கல்லறையில். புரூக்கின் ஜூலியட் 16 அகவையை நெருங்கியவள். ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டுக்கு இன்னும் 14 நிரம்பவில்லை.

அக்கால மணமுறையே இவ்வாறு என்று அமைதி கூறுவாரும் உளர். அது முற்றும் பொருந்தாது. அந்நாளைய இங்கிலாந்தில் பெண்டிர் பெரும்பாலும் இருபதுகளின் நடுப்பகுதியிலேயே மணந்தனர். 1582-இல் ஷேக்ஸ்பியர் மணந்தபோது அவருக்கு 18, மனைவி ஆன் ஹாத்தவேக்கு 26. அவர்தம் மூத்த மகள் சூசன்னா இந்நாடகம் எழுந்த காலத்தில் ஏறத்தாழ ஜூலியட்டின் வயதினளே. ஆக, இளமையும் விரைவும் ஆசிரியர் அறியாது நேர்ந்த குறைகள் அல்ல, அறிந்தே வைத்தவை.

இனி, ரோசலின். நாடகத் தொடக்கத்தில் ரோமியோ உருகுவது ஜூலியட்டுக்காக அன்று, ரோசலினுக்காக. அவள் மேடைக்கே வருவதில்லை. இவன் காதலை ஏற்றவளும் அல்லள். தமிழ் மரபில் இதனைக் கைக்கிளை எனலாம். அப்போது ரோமியோ பேசுவன எல்லாம் அக்கால இத்தாலியக் காதற் கவிதைகளிலிருந்து கடன் வாங்கியவை போல் ஒலிக்கின்றன. விருந்துக்கு அவன் போவதும் ரோசலினைக் காணவே. அங்கே ஜூலியட்டைக் கண்ட நொடியில் அவளை மறந்துவிடுகிறான். மறுநாட்காலை லாரன்ஸ் பாதிரியாரே இதைச் சுட்டி அவனைக் கடிந்துரைக்கிறார். இவ்வளவோடு நிறுத்தினால் வழக்கில் மூத்தோரே வென்றவராவர்.

ஆனால் ரோசலினைப் பற்றிப் பேசிய வாயும் ஜூலியட்டோடு பேசிய வாயும் ஒன்றல்ல. விருந்தில் இருவரும் பேசும் முதற்பேச்சு 14 அடிகளில் ஒரு முழுப்பாவாக அமைந்துள்ளது. அதனை இருவரும் மாறி மாறிக் கூறி நிறைவு செய்கின்றனர். மேடையில் கேட்பார்க்கு இது புலப்படாமலும் போகலாம். ஏட்டில் நோக்குவார்க்கு வியப்பளிக்கும். அதுவரை காதலைப் பற்றிப் பேசியவன், இப்போதுதான் ஒருத்தியோடு பேசுகிறான். ஒருதலை வேட்கை இருதலை அன்பாக மாறும் இடம் இதுவே.

தொடர்ந்து வரும் மாடக் காட்சியைப் பலரும் கொஞ்சுமொழிக் காட்சி என்றே எண்ணியுள்ளனர். கூர்ந்து நோக்கின் அங்கே அறிவோடு பேசுபவள் அச்சிறுமியே. நிலவின் மேல் ஆணையிடப் புகுந்தவனைத் தடுக்கிறாள். தேய்ந்து வளரும் நிலவு எங்ஙனம் சான்றாகும் என்பது அவள் ஐயம். இவ்வுடன்பாடு மிக விரைவானது, எண்ணிப் பாராதது, மின்னல்போல் மறையக்கூடியது என்னும் அச்சத்தையும் மறைக்காது உரைக்கிறாள். மூத்தோர் கூறும் தடையை முதலில் கூறியவள் அவளேயாவாள்! பின்னர், நின் எண்ணம் மணமாயின் நாளை இடமும் நேரமும் சொல்லியனுப்புக என்கிறாள். வெறும் மயக்கத்தில் இருப்பவர் கேட்கும் வினா அன்று இது.

எனினும் இரவுப்பேச்சைக் கொண்டு காதலை அளத்தல் போதாது. நிஸாமி 1188-இல் பாரசீக மொழியில் பாடிய லைலா மஜ்னூன் காவியத்தில், பிரிவும் பாலைவன அலைச்சலுமாகக் கழிந்த ஆண்டுகளே அக்காதலுக்குச் சான்று. வெரோனாக் காதலர்க்கு ஆண்டுகள் வாய்க்கவில்லை. எனவே அவர்க்கு நேர்ந்த சோதனையின் கடுமையைக் கொண்டே அளத்தல் வேண்டும். அச்சோதனை முழுவதும் பெரும்பாலும் ஜூலியட் ஒருத்தி தலையிலேயே விழுந்தது.

மணந்த சில நாழிகைக்குள், தன் கணவன் தன் உறவினன் டிபால்ட்டைக் கொன்றான் என்னும் செய்தி அவளை அடைகிறது. முதலில் ரோமியோவைச் சபிக்கிறாள், அது இயல்பே. ஆனால் செவிலியும் சேர்ந்து அவனைப் பழித்த மாத்திரத்தில் அவள் சினம் திசை திரும்புகிறது. அவன் கொன்றிராவிட்டால் டிபால்ட் அவனைக் கொன்றிருப்பான் என ஓர்கிறாள். துயரத்தின் நடுவே நீதியை எடைபோடும் உள்ளத்தைக் ‘கவர்ச்சி’ என்னும் சொல்லால் விளக்க இயலாது. செவ்வாயன்று தந்தை பாரிஸ் என்னும் பெருமகனுக்கு அவளை மணமுடிக்கத் துணிகிறார், தாய் கைவிடுகிறாள். எஞ்சியிருப்பவள் செவிலி ஒருத்தியே. நம் அகப்பாடல்களில் உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிச் சுரம் புகுபவள் செவிலித்தாய். வெரோனாச் செவிலியோ, ரோமியோ இனித் திரும்பான், பாரிஸையே மணந்துகொள் என்கிறாள். அன்று ஜூலியட்டுக்கு எளிய வழி ஒன்று திறந்தே இருந்தது: செல்வமும் குணமும் உடைய மணமகன், மகிழ்ந்திருக்கும் பெற்றோர், மறைமணத்தை வெளியிட அஞ்சும் ஒரு பாதிரியார். அவ்வழியில் அவள் செல்லவில்லை. அன்றிரவு மயக்கமருந்தைக் கையில் ஏந்தியபோது, இது நஞ்சாக இருக்குமோ, காலத்துக்கு முன் விழித்துக் கல்லறையில் மூச்சடைப்பேனோ என ஒவ்வோர் அச்சத்தையும் எண்ணிப் பார்த்த பின்னரே அருந்துகிறாள்.

ரோமியோ இவ்வளவுக்கு உயர்ந்தான் என்று கூற நமக்கு மனம் வரவில்லை. தீர்ப்பைக் கேட்டதும் பாதிரியாரின் அறையில் தரையிற் புரண்டு அழுகிறான். மாந்துவாவில் பொய்ச்செய்தி கேட்டதும் மீண்டும் உசாவாமல் நஞ்சு வாங்குகிறான். கல்லறை வாயிலில் மலரோடு வந்த பாரிஸையும் கொல்கிறான். அவன் அன்பு மெய், முதிர்ச்சிதான் வரவில்லை.

இருவரும் உயிர்நீத்ததையே காதலின் சான்றாகக் காட்டும் இளையோர் வாதத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. ரோசலினுக்காகவும் தன்னை நடைப்பிணம் என்று சொல்லிக்கொண்டவன்தான் ரோமியோ. சாவு எதையும் மெய்ப்பிக்கவில்லை; அது ஒரு கடிதம் சேராததால் நேர்ந்தது. கடிதம் கொண்டு சென்ற துறவியைக் கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டினுள் வைத்துப் பூட்டிவிட்டனர். 1592 முதல் 1594 வரை அந்நோயால் நாடக அரங்குகள் பெரும்பாலும் மூடிக்கிடந்ததைக் கண்ட இலண்டன் மக்களுக்கு இது புனைவாகத் தோன்றியிராது. ஜூலியட்டின் காதலுக்குச் சான்று கல்லறையில் இல்லை. தனித்து நின்ற அச்செவ்வாய்க்கிழமையில் உள்ளது.

விரைவு என்னும் குற்றம் எஞ்சுகிறது. அதிலும் ஒன்று நோக்கத்தக்கது. பாரிஸ் முதலில் பெண் கேட்டபோது, இன்னும் இரு கோடை கழியட்டும், அவள் உள்ளத்தை வென்று வா, அவள் இசைவே என் இசைவு என்றவர் தந்தை காப்புலெட்தான். டிபால்ட் இறந்த அன்றிரவே, மகளைக் கேளாமல், வியாழக்கிழமை மணம் என நாள் குறித்தவரும் அவரே. பின்பு அதனைப் புதன்கிழமைக்கு முன்தள்ளியவரும் அவரே. மறுத்த மகளைத் தெருவில் பசித்துச் சாகவிடுவேன் என்று அச்சுறுத்துகிறார். பிள்ளைகள் இறந்த பின்னர் இரு குடித் தந்தையரும் பொன்னாற் சிலை எடுப்பதாக வாக்களிக்கின்றனர். நான்கு நாளில் முடிந்த காதல் என எள்ளுவோர் அச்செவ்வாய்க் காலையை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். தந்தை சினந்து வெளியேறிய பின் ஜூலியட் தாயிடம் திரும்பி, இம்மணத்தை ஒரு மாதம் தள்ளிவையுங்கள், இயலாவிடின் ஒரு வாரமேனும் தள்ளிவையுங்கள் என்று கெஞ்சுகிறாள். அவளோடு இனிப் பேச ஒன்றுமில்லை எனக் கூறித் தாயும் சென்றுவிடுகிறாள்.