வலம்புரி வாங்கும்முன் வாய்க்குள் பாருங்கள்

சந்தையில் வலம்புரிச் சங்கு என்று விலைபோகும் ஓடுகளில் பல, உண்மையாகவே வலம்புரியாகச் சுழன்றவைதான். ஒட்டு வேலை கிடையாது, சாயம் கிடையாது, கடலில் விளைந்த ஓடுதான். ஆனால் அது சங்கு இல்லை. மெக்சிகோ வளைகுடாவிலும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத்திலும் வாழும் வேறொரு கடல் நத்தையின் ஓடு. அந்த இனத்தில் ஏறக்குறைய எல்லா நத்தையும் அந்தப் பக்கமாகத்தான் சுழலும். அந்தக் கரையில் அது சாதாரணப் பொருள். டெக்சாஸ் மாநிலம் 1987-இல் அதைத் தன் மாநில ஓடாகவே அறிவித்திருக்கிறது. கப்பலேறி இங்கே வந்ததும் வெல்வெட் துணி விரித்த பெட்டிக்குள் ஏறி, கிடைத்தற்கரிய பொருளாகிவிடுகிறது.

இந்த ஏமாற்று எங்கு நடந்தாலும் வருத்தம்தான். எங்கள் ஊர்ப் பக்கம் நடப்பது கூடுதல் வருத்தம். ஆறுமுகநேரியின் உப்பளங்களைத் தாண்டித்தான் திருச்செந்தூருக்கு ரயிலும் பஸ்ஸும் போகின்றன. கந்தசஷ்டிக்கும் விசாகத்துக்கும் வருகிற கூட்டம் திரும்பும்போது கடற்கரைக் கடைகளில் சிப்பியும் சங்கும் வாங்காமல் போவதில்லை. இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் கொற்கை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-இல் அங்கே அகழ்ந்தபோது அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்தன. சங்கை அறுத்து வளையல் செய்த தொழில் இந்த மண்ணில் அவ்வளவு பழையது. மன்னார் வளைகுடாச் சங்கு இன்றும் வங்காளத்துக்குப் போய்த்தான் அங்குள்ள மணமான பெண்களின் கைகளில் வளையலாகிறது. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பதே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அடியில் இறங்குகிற வேலை அது; மேலே ஏறுகிற வேகம் தப்பினால் கைகால் விளங்காமல் போகும். அப்படி எடுக்கும் சங்கு விளையும் கரையிலேயே, வருகிறவர்கள் அமெரிக்க நத்தையைச் சங்கென்று காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.

அசலைத் தெரிந்துகொண்டால் போலி தானாக விலகும். நம் சங்குக்கு அறிவியலில் டர்பினெல்லா பைரம் என்று பெயர். மணல் தரையில் பாதி புதைந்து, புழுக்களைத் தின்று வாழும் நத்தை. உயிரோடு எடுக்கும்போது வெள்ளையாக இருக்காது. மேலே பழுப்பு நிறத்தில் தோல் போன்ற ஒரு படலம் மூடியிருக்கும். அதை உரித்து, அமிலத்தில் முக்கித் தேய்த்தால்தான் பீங்கான் போன்ற வெண்மை வெளியே வரும். சுவர் தடிமனானது. உள்ளங்கையில் அடங்கும் சங்குகூடக் கையை இறக்கும் அளவுக்குக் கனக்கும். சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தச் சங்கைப் பற்றி மட்டுமே ஒரு தனி நூல் எழுதினார். குளிப்பு, வாணிபம், வளையல், வழிபாடு என்று எதையும் அவர் விடவில்லை. சங்கில் அக்கறை உள்ளவர்கள் இன்றைக்கும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த இனத்தில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. வலம்புரி பிறப்பது பிறழ்ச்சி. எவ்வளவு அரிது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். அவற்றை நம்பிப் பேச நான் விரும்பவில்லை. 1887-இல் யாழ்ப்பாணத்தில் அகப்பட்ட வலம்புரி ஒன்று 700 ரூபாய்க்கு விற்றது என்பது பதிவில் இருக்கிறது. அந்தக் காலத்து 700 ரூபாய்! கார்த்திகைச் சோமவாரத்தில் 108, 1008 என்று சங்குகளை அடுக்கிச் சங்காபிஷேகம் செய்யும் கோயில்களிலும் நடுவில் வைப்பது ஒரே ஒரு வலம்புரிதான்.

ஏன் இத்தனை அரிது? நத்தைகளில் சுழற்சியின் திசை, முட்டை பிளந்து சில செல்களாக இருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. குளத்து நத்தைகளை வைத்து 1923-இல் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டெவன்ட் ஒரு விளக்கம் சொன்னார்: குஞ்சின் ஓடு எந்தப் பக்கம் சுழலும் என்பது தாயின் மரபணுவைப் பொறுத்தது, குஞ்சின் சொந்த மரபணுவைப் பொறுத்ததில்லை. அந்த மரபணு எது என்பது 2016-இல்தான் பிடிபட்டது. ஆனால் எல்லாப் பிறழ்ச்சியும் மரபால் வருவதில்லை. லண்டனில் ஓர் உரக் குவியலில் கிடைத்த திசை மாறிய தோட்டத்து நத்தைக்கு ஜெரமி என்று பெயர் வைத்து, நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் அதற்குத் துணை தேடி உலகம் முழுக்க வேண்டுகோள் விட்டார்கள். உடல் அமைப்பும் எதிராக இருப்பதால் சாதாரண நத்தையோடு அதனால் இணைசேர முடியாது. கடைசியில் இணை கிடைத்து, 2017-இல் ஜெரமி இறப்பதற்குள் குஞ்சுகளும் பிறந்தன. அத்தனையும் வழக்கமான பக்கமே சுழன்றன. அந்த இனத்தில் திசை மாறுவது பெரும்பாலும் கருவளர்ச்சியில் நேர்ந்த தற்செயல் என்று பிறகு ஆய்வு சொன்னது. நம் சங்கில் வலம்புரியை வளர்த்துப் பெருக்கிவிட்டோம் என்று யாராவது சொல்லி விற்றால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இனி வாங்கும் இடத்துக்கு வருவோம். முதலில் திசை. கூம்பு முனை மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி சங்கைப் பிடியுங்கள். வாய் உங்கள் வலக்கைப் பக்கம் திறந்திருந்தால் இடம்புரி, இடக்கைப் பக்கம் திறந்திருந்தால் வலம்புரி. அதையே கூம்பு கீழே, நீர் வார்க்கும் நுனி மேலே என்று திருப்பினால் வலம்புரியின் வாய் வலப்பக்கம் வந்துவிடும். இந்த இரண்டு நிலைகளையும் கலந்து குழப்பியே சாதாரண இடம்புரியை விற்கிறவர்களும் உண்டு. போனில் வரும் படத்தை ஒருபோதும் நம்ப வேண்டாம். படத்தை இடவலமாகத் திருப்ப ஒரு விரல் அசைவு போதும். எந்த இடம்புரியும் வலம்புரி ஆகிவிடும். பக்கத்தில் எழுத்துள்ள செய்தித்தாளை வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து நேராகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

திசை சரியாக இருக்கிறது என்பதால் எதுவும் உறுதியாகிவிடாது. முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் பையைத் திறந்து பணம் எடுக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் வாய்க்குள் இருக்கிறது. ஓட்டின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஓடும் தண்டைச் சுற்றித்தான் சங்கு முழுவதும் சுழல்கிறது. நம் சங்கில் அந்தத் தண்டின் மேல் மூன்று அல்லது நான்கு மடிப்புகள் குறுக்காக ஓடும். மெல்லிய கோடுகளாக இல்லாமல், விரல் நுனிக்குத் தட்டுப்படும் திடமான வரப்புகளாக இருக்கும். இடம்புரியிலும் இருக்கும், வலம்புரியிலும் இருக்கும். அமெரிக்க நத்தையின் தண்டோ ஏறக்குறைய வழவழப்பு. மிஞ்சினால் மங்கலாக ஒரே ஒரு மடிப்பு.

கடையில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நான் கேட்கிற விதம் இது:

“அண்ணாச்சி, அந்த வலம்புரிய கொஞ்சம் கையில தாங்க.”

“பாத்து எடுங்க தம்பி, விலை கூடுன சாமான்.”

“வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்கட்டுமா? அந்தச் சின்ன இடம்புரியையும் எடுங்க, ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்துக்கிடுதேன்.”

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சூட்சுமம். எந்தக் கடையிலும் கிடைக்கிற சில நூறு ரூபாய் இடம்புரியே உங்கள் அளவுகோல். அதன் வாய்க்குள் செல்போன் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். உள் உதட்டில் வரப்புகள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். ஒரு பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையை அதில் ஒரு வரப்பை ஒட்டி உள்ளே தள்ளினால், வரப்பு முடியாமல் வளைந்து வளைந்து உள்சுற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கும். சங்கு குஞ்சாக இருந்த நாள் முதல் அந்த மடிப்பு தொடர்ந்து வளர்ந்திருக்கிறது. இப்போது வலம்புரி என்று சொல்லப்படுவதில் அதையே செய்யுங்கள். அசல் என்றால் இடம்புரியைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் அத்தனையும் எதிர்ப்பக்கமாக இருக்கும். மற்றபடி மடிப்பின் எண்ணிக்கை, தடிமன், தோளின் வளைவு எதிலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. வாயருகே மட்டும் கோடு கீறி மடிப்பாகக் காட்டியிருந்தால், உள்ளே நீளாமல் குச்சி வழுக்கிவிடும்.

அமெரிக்க நத்தைக்கு வேறு அடையாளங்களும் உண்டு. அதன் உடல் கீழ்நோக்கிக் குறுகி, திறந்த நீண்ட வாய்க்காலாக முடியும். நம் சங்கின் உருண்ட கனத்த உடம்பு அதற்கு இல்லை. சுவர் மெல்லியது, அதனால் அளவுக்கு ஏற்ற கனம் இருக்காது. தோளில் முடிச்சுகள் வரிசையாக இருக்கும். மேலே மின்னல் வெட்டியதுபோல் பழுப்புக் கீற்றுகள் ஓடும். தேய்த்து மெருகேற்றினால் கீற்று மறைந்துவிடும், முடிச்சும் மழுங்கிவிடும். அதனால் வெளித்தோற்றத்தை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம்.

அடுத்தது அச்சில் வார்த்த போலி. பிசினோடு பளிங்குத் தூள் கலந்து, அசல் சங்கிலிருந்து எடுத்த அச்சில் ஊற்றுவார்கள். மடிப்புகூட வாயளவில் அச்சாக விழுந்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸில் பாருங்கள். இயற்கை ஓட்டில் வளர்ச்சிக் கோடுகள் ஒழுங்கின்றி நெருங்கியும் விலகியும் ஓடும். வார்ப்பில் குண்டூசித் தலையைவிடச் சிறிய காற்றுக் குமிழ்களின் பள்ளங்களும், இரண்டு அச்சுகள் சேர்ந்த மெல்லிய தையலும் அகப்படும். புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பார்க்கலாம். ஒட்டுப் போட்ட இடத்தின் பசை சுற்றியுள்ள ஓட்டிலிருந்து வேறு நிறத்தில் ஒளிரும்.

வீட்டில் செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்றும் இருக்கிறது. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். முதலில் சங்கை எடை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நீர் நிறைந்த பாத்திரத்தைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். சங்கை நூலில் கட்டி, நீருக்குள் சாய்த்து, குமிழ் வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். அடியிலும் ஓரத்திலும் படாமல், முழுவதும் மூழ்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் சங்கு இடம்பெயர்த்த நீரின் கணக்கு. 280 கிராம் சங்குக்கு ஏறத்தாழ 100 காட்டினால், வகுத்தால் 2.8 வரும். ஓட்டின் அடர்த்தி அதுதான். வெறும் பிசின் 1.2-ஐ ஒட்டி நிற்கும், பளிங்குத் தூள் கலந்தால் இடையில் எங்கோ வரும். ஆனால் முழுப் பளிங்கில் செதுக்கியதும், அமெரிக்க நத்தையும் இந்தச் சோதனையில் தேறிவிடும். அவற்றுக்கு மறுபடி தண்டுக்குத்தான் போக வேண்டும்.

காலம் காலமாகச் சொல்லிவரும் சில சோதனைகளைக் கைவிடுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்க வேண்டும் என்பார்கள். சங்கும் பளிங்கும் கிளிஞ்சலும் எல்லாம் கால்சியம் கார்பனேட், எல்லாமே நுரைக்கும். அசல் சங்காக இருந்தால் மெருகு போய்த் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கும் என்பதும் அப்படியே. சுற்றிலும் இருக்கும் இரைச்சலில் சில அலைவரிசைகளை எந்த உட்குழிவான பொருளும் பெருக்கித் தரும், காலி டம்ளர் உட்பட. அரிசியில் புதைத்தால் தானாக நகரும் என்று வீடியோ காட்டுகிறார்கள். உயிர் போன ஓடு நகராது. பக்தியை நான் குறை சொல்லவில்லை. பக்தியோடு வருகிறவரின் பணத்தைப் பிடுங்கத்தான் இந்த வித்தைகள் பயன்படுகின்றன என்பதால் சொல்கிறேன்.

சான்றிதழைக் காட்டி விலை சொல்பவர்களும் இருக்கிறார்கள். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று பொருத்தம். அங்கே பழைய பேஸ்பால் ஆட்டக்காரர் படமுள்ள சிகரெட் அட்டைகளைப் பெரும் பணம் கொடுத்துச் சேர்ப்பார்கள். 1909 முதல் 1911 வரை வந்த வரிசையில் ஹோனஸ் வாக்னர் அட்டைக்குத்தான் மவுசு. அதில் மிகப் புகழ்பெற்ற ஓர் அட்டைக்கு 1991-இல் தரச்சான்று நிறுவனம் ஒன்று 10-க்கு 8 மதிப்பெண் கொடுத்தது. அந்த அட்டையின் ஓரத்தை வெட்டிச் சீராக்கியது தானே என்று, அதை முன்பு வைத்திருந்த ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். அட்டை அசல்தான், சான்றிதழும் அசல்தான். வெட்டு மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. சங்குச் சான்றிதழில் “இயற்கையான கடல் ஓடு, வலம்புரி” என்று மட்டும் இருந்தால் அமெரிக்க நத்தைக்கும் அது நூற்றுக்கு நூறு பொருந்தும். இனத்தின் பெயர் டர்பினெல்லா பைரம் என்று எழுதியிருக்கிறதா, தண்டின் மடிப்பைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சங்குக் கடைகளில் அழகுக்காக அடுக்கியிருக்கும் சில பெரிய ஓடுகள், 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கொம்புள்ள தலைக்கவசச் சங்கும் டிரைட்டன் சங்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எனவே என்ன இனம் என்று தெரியாமல் எந்த ஓட்டையும் வாங்காதீர்கள். பில்லில் பெயரை எழுதி வாங்குங்கள்.

பெரிய தொகை கொடுப்பதாக இருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி முகம் சுளிக்கமாட்டார். படத்தில் தண்டு தடித்த வெள்ளைத் தூணாக நடுவே நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஓரத்தில் மடிப்புகளின் பற்கள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உச்சிவரை அவை தொடர்ந்து ஏறுகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். எக்ஸ்ரே படத்தையும் இடவலமாகப் புரட்டி மாட்டலாம் என்பதால், படத்தோடு சங்கையும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். எல்லாம் பொருந்தி வந்தால், அதற்குப் பிறகு விலை பேசத் தொடங்கலாம்.