கூட்டத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி

அவலூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டைக்குப் போறீங்க. கல்யாண மகால் முன்னால ஜேஜேன்னு கூட்டம். யாரையும் "கொஞ்சம் தள்ளுங்க"ன்னு சொல்லாம, ஆளே இல்லாத மகாலைப் படம் எடுக்க முடியுமா?

முடியும் நேயர்களே! லென்ஸ் முன்னால ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டணும். என்.டி. ஃபில்டர்னு பேரு. நிறத்தை மாத்தாம வெளிச்சத்தை மட்டும் குறைக்கிறதுதான் அதோட வேலை. நல்லா கறுத்த ஃபில்டர்னா, வர்ற வெளிச்சத்துல சுமார் ஆயிரத்துல ஒரு பங்குதான் உள்ளே போகும். அதனால பட்டப்பகல்லயும் ஷட்டரைப் பல விநாடிகள் திறந்து வைக்கலாம். அந்த நேரத்துல நடந்துகிட்டே இருக்கிறவங்க எந்த இடத்துலயும் பதியற அளவுக்கு நிக்கிறதில்லையே! அவங்க மறைஞ்சுடுவாங்க. அடுக்கடுக்கான மகாலும் அதோட கூம்புக் கூரையும் அப்படியே பதியும். கோட்டையோட ராஜகிரி மலை மேல நகர்ற மேகம் பஞ்சை இழுத்துவிட்ட மாதிரி விழும். அது கூடுதல் அழகு.

செல்ஃபிக்காக ஒரே இடத்துல நிக்கிறவர் மட்டும் ஆவி மாதிரி அரைகுறையாத் தெரிவார். அவரை ஒண்ணும் பண்ண முடியாது!

கேமரா துளிகூட அசையக் கூடாது, அதனால ஸ்டாண்ட் கட்டாயம். கோட்டைக்குள்ள ஸ்டாண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி தொல்லியல் துறைகிட்ட அனுமதி கேட்டுக்குங்க.