துணியைப் படித்து வாங்குவோம்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும். அதே ஆடி மாதத்தில் துணிக் கடைகளில் தள்ளுபடிப் பலகைகளும் தொங்கத் தொடங்கிவிடும். ‘பாதி விலை’ என்றதும் நம் கை தானாகவே பணப்பைக்குப் போகிறது. ஆனால், வாங்கிய சட்டை முதல் சலவையிலேயே சுருங்கித் தம்பிக்குப் போய்விட்டால்? அதன் சாயம் கரைந்து உங்கள் வெள்ளைச் சீருடையையும் கெடுத்துவிட்டால்? ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ துணி எடுக்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பு அன்று. விலைச்சீட்டைப் படிப்பதுபோலத் துணியையும் படிக்க முடியும். அதற்குச் சிறிது அறிவியல் போதும்.

நூலின் நம்பர்

ராஜபாளையம் பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இங்கே ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பஞ்சாலையில் நூலின் பருமனை ‘நம்பர்’ கொண்டு குறிப்பார்கள். 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு (454 கிராம்) எடை வருகிறதோ, அதுவே அந்த நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 33,600 கெஜம், அதாவது சுமார் 30 கிலோமீட்டர் இருக்கும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இழுத்துச் சென்று திரும்பி வந்தாலும் மிச்சமிருக்கும்!

நம்பர் கூடக்கூட நூல் மெலியும். மெல்லிய சேலைக்கும் வேட்டிக்கும் 80, 100 நம்பர் நூல் ஏற்றது. துண்டு, போர்வை ஆகியவற்றுக்குப் பருத்த நூலே நல்லது. ஆகவே பெரிய நம்பர் என்றால் உயர்ந்த துணி என்று எண்ணிவிடக் கூடாது. எந்தத் தேவைக்கு எந்த நூல் என்பதே கேள்வி.

வியர்வைக்கு ஏற்றது எது?

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. செல்லுலோஸ் நீரை ஈர்த்துக்கொள்ளும். ஓரளவு ஈரமுள்ள காற்றில் 100 கிராம் உலர்ந்த பருத்தி ஏறத்தாழ 8 கிராம் நீராவியை ஏற்கிறது. பாலியெஸ்டரோ அரை கிராம்கூட ஏற்பதில்லை. நம் ஊர் வெயிலில் பருத்திச் சட்டை இதமாக இருப்பது இதனால்தான். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணிக்கு அடிப்படையும் இப்பண்பே. பருத்தியின் மேலுள்ள மெழுகைக் காரக் கரைசலில் வேகவைத்து நீக்கிய பின் அது நீரை விரைந்து உறிஞ்சும்.

பாலியெஸ்டரைப் பழிக்க வேண்டியதில்லை. அது எளிதில் கசங்காது, விரைவில் உலரும், நெடுநாள் உழைக்கும். இரண்டும் கலந்த துணி சீருடைக்கு வசதியானது. ஆனால் பருத்தி என்று சொல்லிக் கலப்புத் துணியைத் தந்தால் ஏமாறுபவர் நீங்கள் மட்டும் அல்லர். பருத்திச் சேலை நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம் நெசவாளரும் ஏமாறுகிறார். கைத்தறித் துணி வாங்கும்போது, 2006-இல் இந்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐயமிருந்தால், துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, பெரியவர் முன்னிலையில் இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து, மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

கஞ்சி, சுருக்கம், சாயம்

துணியை விரல்களுக்கிடையே கசக்குங்கள். வெண்பொடி உதிர்ந்தால், அதன் விறைப்பு கஞ்சியால் வந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெசவின் நெருக்கம் தெரியும்.

தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டப்படுகிறது. நனைந்ததும் அந்த இறுக்கம் தளர்கிறது, இழைகளும் பருக்கின்றன. அதனால் துணி குறுகுகிறது. நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினால் 75 செ.மீ. நீளச் சட்டை சுமார் 71 செ.மீ. ஆகிவிடும். எனவே பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பின்பே தைக்கக் கொடுங்கள்.

ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தால், சாயம் ஒட்டுமா என்பதும் தெரிந்துவிடும்.

உண்மையான விலை

ஒரு சட்டை 400 ரூபாய். 40 முறை உடுத்தியதும் வெளுத்துப்போகிறது. இன்னொன்று 600 ரூபாய். 120 முறை உழைக்கிறது. முன்னதற்கு ஒரு முறைக்கு 10 ரூபாய், பின்னதற்கு 5 ரூபாய். இவற்றில் எது மலிவு?

கடைக்குப் போகும் முன் அலமாரியைத் திறந்து, இருப்பதை எண்ணுங்கள். எந்தச் சட்டையும் எந்தக் கால்சட்டைக்கும் பொருந்தும்படி நிறம் தேர்ந்தெடுத்தால், 3 சட்டையும் 2 கால்சட்டையும் 6 விதமாக அமையும்.

இன்றே ஒரு சோதனை செய்யலாமே! தையற்கடையில் கழிவுத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். அதில் பேனாவால் 10 செ.மீ. சதுரம் வரைந்து, நீரில் ஊறவைத்து, உலர்ந்த பின் அளந்து பாருங்கள். பாவும் ஊடையும் ஒரே அளவு சுருங்கினவா? விடையை அளவுகோல் சொல்லும்.