பூமியின் வரவு செலவு

குடும்பமாயினும் ராஜ்யமாயினும், அதன் உண்மை நிலையை அறிய விரும்புவோர் வாசலில் கட்டிய தோரணத்தைப் பார்ப்பதில்லை. கணக்குப் புஸ்தகத்தையே பார்ப்பார்கள். நாம் வாழும் பூமிக்கும் அத்தகைய கணக்கு ஒன்று உண்டு. சூரியனிடமிருந்து பெறும் சக்தி வரவு. வானவெளிக்குத் திரும்பிச் செல்வது செலவு. வரவு மிகுந்தால் பூமி சூடேறியே தீரும். இதில் கட்சி பேதத்துக்கு இடமில்லை.

பூகோளம் முழுவதற்கும் சராசரியாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 340 வாட் வருகிறது. அதில் ஏறக்குறைய 100 வாட் மேகத்திலும் பனியிலும் பட்டு உடனே திரும்புகிறது. மீதி 240 வாட்டும் கண்ணுக்குப் புலனாகாத உஷ்ணக் கிரணங்களாக வெளியேற வேண்டும். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதர் காற்றில் சேர்க்கும் கரியமில வாயு அவற்றை வழிமறிக்கிறது. ஆகவே செலவு குறைந்து, மிச்சம் பூமியிலேயே தங்குகிறது.

அமெரிக்க விஞ்ஞானிகள் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 2005-ல் சுமார் அரை வாட்டாக இருந்த இம்மிச்சம், 2019-ல் ஒரு வாட்டையும் கடந்தது. ‘ஒரு வாட் அற்பமன்றோ?’ என்று சில கனவான்கள் கேட்கலாம். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்! அத்தனைக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், மனித குலம் அனைத்தும் அடுப்புக்கும் ஆலைக்கும் வண்டிக்கும் செலவிடும் சக்தியைப் போல் இருபது மடங்குக்கும் மேலாகும். ஓர் ஆண்டு சற்றுக் குளிர்ந்துவிட்டது என்று மகிழ்வோரையும் இக்கணக்கு திருத்தும். காற்று குளிர்ந்தாலும் மிச்சம் கடலில் சேர்ந்து கொண்டே இருக்கும்.

இதற்குச் சாட்சிகள் இரண்டு. ஒன்று, வானில் சுழலும் செயற்கைக் கோள்கள். 1999-ல் ஏவப்பட்ட டெர்ராவும் 2002-ல் ஏவப்பட்ட அக்வாவும் தாங்கிய கருவிகள், பூமி திருப்பியனுப்பும் கிரணங்களை அளந்து வந்துள்ளன. மற்றொன்று கடல். மிஞ்சும் உஷ்ணத்தில் பத்தில் ஒன்பது பங்கைக் கடலே ஏற்கிறது. ஆர்கோ என்னும் சுமார் 4,000 மிதவைகள் பத்து நாட்களுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து, நீரின் உஷ்ணத்தைத் தெரிவிக்கின்றன. ஒன்றை ஒன்று அறியாத இவ்விரு சாட்சிகளும் ஒரே உண்மையைக் கூறுகின்றன என்பதே மேற்சொன்ன ஆராய்ச்சியின் வலிமை.

ஆனால் இக்கோள்கள் முதுமை அடைந்துவிட்டன. வரவையும் செலவையும் தனித்தனியே அளந்து ஒரு வாட் வித்தியாசத்தைக் காண்பது கோள்களுக்கு எளிதன்று. ஆண்டுக்கு ஆண்டு நேரும் மாறுதலையே அவை செவ்வையாகக் காட்டும். ஆதலால் பழைய கருவி ஓயுமுன் புதிய கருவி அதனுடன் சேர்ந்து அளக்க வேண்டும். இடையில் சங்கிலி அறுந்தால், பின்னர் எவ்வளவு பணத்தைக் கொட்டினும் இழந்த ஆண்டுகளை மீட்க முடியாது. செலவைக் குறைப்பதாகக் கூறிக் கணக்கனையே வேலையினின்று நீக்குவது எந்தச் சர்க்காருக்கும் சிக்கனமாகாது.

நமது தேசமும் இப்பணியில் பங்கு கொண்டதே. 2011 அக்டோபர் 12-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இந்திய-பிரெஞ்சுக் கோளான மேகா-டிராபிக்ஸ் இத்தகைய கருவி ஒன்றைத் தாங்கியிருந்தது. அக்கோள் 2023 மார்ச்சில் பஸிபிக் சமுத்திரத்தின் மேல் இறக்கி அழிக்கப்பட்டது. அதனால் பெற்ற அனுபவம் வீணாகலாகாது. மழையையும் கடலையும் நம்பி வாழும் நமக்கு, உலகின் கணக்கைப் பிறர் எழுதட்டும் என்று வாளாவிருப்பது தகாது. கணக்கு அறியாதவன் கடனாளியாவான். அறிந்தும் புஸ்தகத்தை மூடி வைப்பவன் தன் சந்ததியையே கடனாளியாக்குவான்.